கையில் கொடுத்த பிறகு

அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய கொட்டாவிதான். ஊராட்சித் தலைவர் மேடையில் முழங்கிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து, கையால்கூட மறைக்காமல் கொட்டாவி விட்டவள் அவள். வேண்டுமென்று செய்ததில்லை. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, எட்டு மணி நேரம் நின்றபடியே செல்போன் போர்டுகளைச் சோதித்துவிட்டு வந்தவளுக்கு அது தானாக வந்தது. நானும் அதே கம்பெனிதான், பேக்கிங் பிரிவு. பஸ்ஸில் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே தூங்குவாள். எங்கள் ஊர் வளைவு வந்ததும் யாரும் எழுப்பாமலே கண்ணைத் திறப்பாள்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பலருக்கு யாரென்று தெரியாது. ‘செக்ரட்டரி’ என்றால்தான் தெரியும். ஒரே ஒரு வருஷம்தான் அவள் அந்தப் பதவியில் இருந்தாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த மன்றத்துக்குள் நாங்கள் போனதே மழையால்தான். ஓரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் ஊரின் முனையில், இளைஞர் நற்பணி மன்றத்தின் சிமெண்ட் ஷீட் போட்ட கட்டடம் இருந்தது. உள்ளே ஒரு கேரம் போர்டு, ஒரு டி.வி., சுவரில் பழைய கோப்பைகள். கம்பெனி பஸ் நிற்கிற இடம் அதற்கு நேர் எதிரே. ஐப்பசி மாதத்தில் பதினொரு பெண்கள் அதன் பூட்டிய கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்போம். ஒருநாள் அவள் மன்றத் தலைவரிடம் போய், காலையில் அரைமணி நேரம் கதவைத் திறந்துவைக்க முடியுமா என்று கேட்டாள். மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று அவர் சொன்னார். அப்படியானால் எங்களை உறுப்பினராக்குங்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பதினொரு பாரத்தைக் கொடுத்தார். யாரும் பூர்த்தி செய்து கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலை பஸ்ஸிலேயே பதினொன்றும் பூர்த்தியாகிவிட்டது.

அந்தத் தலைவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷமாக அவர்தான் இளைஞர் மன்றத் தலைவர். அந்த வருஷப் பொதுக்குழு நடந்த ஞாயிற்றுக்கிழமை, பையன்களில் பாதிப்பேர் பென்னலூரில் கிரிக்கெட் ஆடப் போயிருந்தார்கள், மீதிப்பேர் ஓவர்டைம் வேலையில் இருந்தார்கள். வந்தவர்கள் ஏழு பேர். நாங்கள் பதினொரு பேரும் வந்திருந்தோம். யாரும் திட்டமிடவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம், அவள் செயலாளரானாள்.

அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம் இரண்டே வரி. எந்தப் பொறுப்பும் ஒரு வருஷம்தான். முப்பது வயதானவர்கள் உறுப்பினராக இருக்க முடியாது. பழைய தலைவர் அன்று எழுந்து போனவர் பல மாதம் எங்களோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய குணம் எங்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. இந்த வேலையை யார் செய்கிறீர்கள் என்று அவள் கூட்டத்தில் கேட்கவே மாட்டாள். சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற, இதுவரை வாயே திறக்காத ஓர் ஆளைப் பார்ப்பாள். நீ செய் என்பாள். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

“கை தூக்கறவனுக்கே குடுத்தா, அவனே எல்லாத்தையும் தூக்கினு பூடுவான்” என்றாள்.

கொடுத்த பிறகு அதைத் தொடமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கண்ணெதிரே வேலை கெட்டுக்கொண்டிருந்தாலும் சரி. இது நல்ல குணமா, பிடிவாதமா, கல்நெஞ்சமா என்று அந்த நாளில் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இப்போதும் முழுதாக முடியவில்லை.

அந்தப் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு மைக்கில் அறிவிக்கிற வேலையை டேவிட்டுக்குக் கொடுத்தாள். டேவிட் டயர் கம்பெனியில் வேலை செய்தான். அவனுக்குத் திக்குவாய். மேடையில் ஏறியவன் முதல் இரண்டு அறிவிப்பை எப்படியோ முடித்துவிட்டான். மூன்றாவது, எலுமிச்சம்பழ ஸ்பூன் போட்டிக்குப் பிள்ளைகளின் பெயரை வாசிக்கும்போது ‘பிரியதர்ஷினி’ என்ற பெயரில் மாட்டிக்கொண்டான். முதல் எழுத்தைத் தாண்டவே முடியவில்லை. கூட்டத்தில் ஒருவன் அதேபோல் செய்துகாட்டினான். சிரிப்பு பரவியது. டேவிட்டின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நான் மைக்கை வாங்க எழுந்தேன். அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு. அது அவன் மைக்.”

அந்தப் பெயரை அவன் சொல்லி முடித்தான். எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. முடித்தவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையின் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று வாரம் மன்றத்துப் பக்கமே வரவில்லை. நான் அவளிடம் சண்டை போட்டேன். ஒரு மனுஷனை ஊருக்கு நடுவில் நிற்கவைத்து அவமானப்படுத்திவிட்டாய் என்றேன். நான்காவது வாரம் டேவிட் தானாகவே வந்து, பேசுகிற வேலை வேண்டாம், வேறு ஏதாவது கொடு என்றான். எல்லோர் முன்னாலும் அவனிடம், “நா குடுத்தது தப்பு டேவிட்டு” என்றாள். அதன்பின் மைதானத்துக்குக் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பாயிற்று. அதை மிகவும் நன்றாகச் செய்தான்.

தப்பென்று தெரிந்தால் ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை. தெரிவதற்குத்தான் நாளாகும்.

அவளுக்கு அப்பா இல்லை என்பதே எனக்குப் பழகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். தம்பி படிப்பு, அம்மாவின் சர்க்கரை வியாதி எதையும் அவள் பேசியதில்லை. பேசினால் மன்றம், இல்லாவிட்டால் தூக்கம்.

தன் வருஷம் முடிந்த அன்றே பொறுப்பிலிருந்து இறங்கி, சாதாரண உறுப்பினராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைத் தலைவராக நிற்கச் சொன்னாள். நான் கையும் தூக்கவில்லை, சுவரை ஒட்டியும் உட்காரவில்லை. நடுவில் உட்காருகிற ஆள். அவள் சொன்னாள் என்பதற்காக நின்றேன், ஜெயித்தேன். மன்றத்துக்குப் பக்கத்துச் சாவடி முனையில் யாரோ ‘வாழ்த்துகள் தலைவர் செல்வி’ என்று என் படத்தைப் போட்டு பேனர் வைத்தார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் ஊர் வழியாகப் போகிற லாரிகள் அதிகமாகிவிட்டன. ஓரகடம் பக்கம் நெரிசல் என்றால், தண்ணி லாரிக்காரர்களும் கண்டெய்னர்காரர்களும் எங்கள் சாலையில் புகுந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் சாலைக்கு மறுபக்கம். வேகத்தடை கேட்டு மனு எழுதினோம், நினைவூட்டி மறுபடி எழுதினோம். வரும்வரை நாமே நிற்கலாம் என்று முடிவு செய்தோம். காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை, மன்றத்தில் இரண்டு பேர் சிவப்புக்கொடியோடு நின்று பிள்ளைகளைக் கடக்கவைக்க வேண்டும். யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்த நாள் என்று முறைபோட ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் சுவரோரமாகப் பார்த்தாள். கல்பனாவைச் சொன்னாள்.

கல்பனாவுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் கம்பெனியிலேயே வேறு ஷிப்ட். கூட்டத்துக்கு வந்தால் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்காருவாள். சொன்னது அவள், நியமித்தது நான். கல்பனா ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு எழுதினாள். வராதவன் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினாள். தன்னைவிடப் பெரிய பையன்களை, “அண்ணா, நாளைக்கி நீதான், மறந்துடாத” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். எட்டு மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை தவறியது. அன்றைக்கு முறை கல்பனாவுடையதே, கூட நிற்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். எட்டரை மணிக்குச் சாலையில் கொடி பிடிக்க யாருமில்லை. மூன்றாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை தனியாகக் கடந்தாள். தண்ணி லாரி பிரேக் போட்டும் நிற்கவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாள், தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

நாங்கள் இருவரும் அன்று கம்பெனியில் இருந்தோம். மதியம் பஸ் இறங்கும்போதே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. லாரிக்காரனை விட்டுவிட்டார்கள். எல்லோருடைய வாயிலும் கல்பனா. பழைய தலைவர் மன்ற வாசலில் நின்று, பொட்டைப் பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் நேராகக் கல்பனா வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. கல்பனா உள்ளே படுத்திருந்தாள், நைட் ஷிப்ட் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

“எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள் அவள்.

நான் குறுக்கே பேசினேன். இன்று வேண்டாம், அவளை அடித்துவிடுவார்கள், வேண்டுமானால் நாமிருவரும் போகலாம் என்றேன்.

“நாம போயி? பொறுப்பு அவளுது. அவதான் போயி சொல்லணும். நா கூட வரேன்.”

கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். குழந்தையின் அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்பனா அவர் எதிரில் நின்று, “நான் வராததாலதான்கா” என்றாள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார், திட்டவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் செக்ரட்டரி இரண்டடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மன்றத்தில் ஊர்க்கூட்டம். பஸ் இறங்கி நடந்து வரும்போது அவள் கேட்டாள், இன்னா சொல்லப் போற என்று. தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். கல்பனாவையே நாளைக்கும் அங்கு நிற்கவிடணும், அப்போதுதான் ஊரும் அவளும் தாங்குவார்கள் என்று மட்டும் சொன்னாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

கட்டடம் கொள்ளாத கூட்டம். குழந்தையின் மாமா எழுந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். என் படம் போட்ட பேனர் ஜன்னல் வழியே தெரிந்தது. நான் எழுந்தேன். குரல் நடுங்காமல் சொன்னேன். கல்பனாவைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டோம், இனி அவள் மன்றத்திலும் இல்லை. கூட்டத்தின் மூச்சு தணிந்தது. அந்த மாமா தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து, இது சரியில்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒன்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் சொன்னால் பெண்கள் பத்துப் பேர் அவள் பக்கம் நிற்பார்கள். டேவிட் நிற்பான். நான் சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்கொரு சாக்குக் கிடைக்கும். அவள் எழவில்லை. கட்டிய கை கட்டியபடி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நீதான் தலைவரு. சொல்லிட்ட” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கல்பனாவின் அப்பா அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான்கே மாதத்தில் வாலாஜாபாத் பக்கம் கல்யாணம் செய்து அனுப்பினார். சிவப்புக்கொடி வேலையை ஏற்க யாரும் முன்வரவில்லை. ஒரு மாதத்தில் அது நின்றது. ஒரு வருஷம் மனுக் கொடுத்து வராத வேகத்தடை, விபத்து நடந்த மூன்றாம் வாரம் வந்தது. குழந்தைக்கு எலும்பு கூடி, அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி கூட்டத்துக்கு வந்து, உட்காராமலே, “எனக்கு நேத்து முப்பது ஆச்சி” என்றாள். மன்றத்துப் பிள்ளைகள் விடவில்லை. ஆலோசகராகவாவது இருங்கள் என்றார்கள்.

“ஆலோசகர்னா இன்னா? எறங்காம இருக்கறதுக்கு ஒரு பேரு. அவ்ளோதான்.”

அவள் போன இரண்டு வருஷத்தில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது பழைய தலைவரின் மகன்தான் தலைவர், ஐந்தாவது வருஷம். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. நானும் அதற்குள் கல்யாணமாகிப் படப்பைக்கு வந்துவிட்டேன். வீடு, குழந்தை, ஷிப்ட். அவளை நினைக்கவும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நினைக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

போன வருஷம் படப்பையில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், எதிர் சீட்டில் அவள் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. நான் தொட்டதும் விழித்து, நேற்றுப் பார்த்தவளைப்போல, “இன்னாமே, எப்பிடி கீற?” என்றாள். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியாம். அம்மா போய்விட்டாராம். தம்பி தனியாகப் போய்விட்டானாம். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். “அன்னிக்கி நீ என்னத் தடுத்திருக்கலாம்.”

அவள் வெளியே பார்த்தாள். “தடுத்திருக்கலாம்” என்றாள். “அது மட்டுமில்ல. ஒண்ணுமே கேக்காம அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். அத நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல” என்றாள்.

கல்பனா வீட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்பு விலாசம் விசாரித்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறாள்.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னியா?” என்றேன்.

“என் தப்ப நா சொன்னேன். உன்னுத நா எப்பிடி சொல்றது? அது உன்னுது.”

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. விலாசத்தை என் போனில் அடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ் ஏறினேன். கல்பனா கதவைத் திறந்து ஒரு கணம் நின்றாள். பிறகு, வாங்கக்கா என்று பாயைப் போட்டாள். இரண்டு பிள்ளைகள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, “நான் பயந்துட்டேன் கல்பனா. பேரு கெட்டுடும்னு உன்னத் தள்ளிவுட்டுட்டேன்” என்றேன்.

அவள் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே சொன்னாள். “மன்றத்துலேர்ந்து எடுத்தது கூடப் பரவால்லக்கா. அன்னிக்கி இன்னா ஆச்சுன்னு அப்ப ஒருத்தர்கூட என்னைக் கேக்கலியே.”

கேட்டேன். சொன்னாள். நைட் ஷிப்ட் முடிகிற நேரத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். போன் லாக்கரில். ஊருக்கு ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். விடவில்லை. கடைசியில் லைனை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து, பஸ் இல்லாமல், யாரோ ஒரு மினி லாரிக்காரரிடம் கெஞ்சி ஏறி ஊர் முனையில் இறங்கியபோது மணி எட்டு ஐம்பது. சாலையில் கூட்டம் நின்றிருந்தது. தான் ஓடிவந்ததைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லையாம். வந்தும் வராததுதானே என்றாள்.

அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள், நன்றாக நடக்கிறாள் என்றேன். உரித்த காயைத் தட்டோடு தள்ளிவைத்தாள். பிறகு, “அவங்க அம்மாகிட்ட இத யாராச்சும் சொல்லணும்கா” என்றாள்.

நான் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

“நீ வரியா?” என்றேன். “நான் கூட வரேன்.”

ஒரு மாதம் கழித்து வந்தாள். அந்தக் குழந்தை வீட்டுக் கதவைத் தட்டியது அவள்தான். நான் பக்கத்தில் நின்றேன்.